சில்வேரி வீட்டுக் கப்பலில் ஏறியவர்கள்

புன்னைத்துறையில் எந்த வீட்டுக்குள் போனாலும் ஒரு ஆள் குறைவாகத்தான் இருக்கும். ஒரு வீட்டில் மூத்தவன் எண்ணெய்க் கப்பலில் போயிருப்பான், அடுத்த வீட்டில் மருமகன் குவைத்து வெயிலில் கம்பி கட்டிக்கொண்டிருப்பான், அதற்கடுத்த வீட்டுப் பெண்பிள்ளை அயர்லாந்தில் நர்சாக இருப்பாள், பள்ளிவாசல் தெருவிலோ அப்பனும் மகனும் ஒரே நகரத்தில் வேறு வேறு கடைகளில் நின்றபடி வருஷக்கணக்காக ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பார்கள். சில்வேரியஸ் மச்சாது வீட்டில் மட்டும் யாரும் குறையவில்லை. அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் இருந்ததே அவர் ஒருவர்தான். அவர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, அவருக்காகக் காத்திருக்கவும் யாரும் இல்லை.

அவர் ஐஸ் பிளாண்டில் மேனேஜர். விடியும் முன்பே போய், வள்ளங்களுக்கும் லாரிகளுக்கும் ஐஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து, விரல்களில் ஏறிய சில்லிப்புப் போகும்வரை கருப்பட்டிக் காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு மேஜைக்குப் போவார். மேஜையில் பிளாஸ்டிக் கட்டைகள் இருந்தன. வெளிநாட்டுப் பிள்ளைகள் வளர்ந்து தூக்கிப்போட்ட கட்டைகள் அவை. பழைய துணியோடும் கை உடைந்த பொம்மைகளோடும் கண்டெய்னரில் வந்து, பஜாரில் காதர் கடைத் தரையில் குவியலாகக் கொட்டப்படும். சில்வேரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் குவியலுக்குள் உட்கார்ந்து, கட்டைகளுக்கு நடுவே சிக்கிக் கிடக்கும் சின்ன ஆட்களைத் தேடி எடுப்பார். கட்டைவிரல் உயரம்கூட இல்லாத, மஞ்சள் முகமும் உருளைத் தலையும் கொண்ட ஆட்கள். அவர்களில் யார் அபூர்வம் என்று அவருக்குத் தெரியும். விண்வெளிக்காரர்களின் தலைக்கவசம் எப்போதும் தாடையில்தான் விரிசல் விடும், விரிசல் இல்லாதவன் கிடைப்பது அரிது. கொஞ்ச காலம் மட்டும் அச்சடித்து நிறுத்திவிட்ட பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் இருந்தான். அச்சு தவறி, முன்னாலும் பின்னாலும் ஒரே சிரிப்போடு இருந்த ஒருத்தியும் இருந்தாள். எல்லாரையும் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, முகம் அழிந்துபோனவர்களுக்கு மெல்லிய தூரிகையால் கண்ணும் வாயும் எழுதி, வெயிலில் காயவைத்து எடுத்துவைப்பார்.

இத்தனை பேரைப் பெட்டிக்குள் கிடத்திவைக்க அவருக்கு மனது வரவில்லை, ஆகவே ஒரு கப்பல் கட்டினார். தண்ணீரில் போகிற கப்பல் அல்ல, வானத்தில் போகிறது. படத்தைப் பார்த்துக் கட்டியதும் அல்ல. சாம்பல் நிறக் கட்டை போதுமான அளவு சேர வருஷங்கள் ஆயின, மஞ்சள் கண்ணாடி ஜன்னல்களுக்காக ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தார், கார் பொம்மைகளின் சக்கர வளையங்களை அடுக்கி எஞ்சின்கள் செய்தார், இறக்கைகளைக் கீல் வைத்து மடங்கும்படி பொருத்தினார். கடைசியில் கப்பல் சாப்பாட்டு மேஜையை நிறைத்து இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றபோது, சாப்பிடும் இடம் அடுப்படித் தரைக்கு மாறியது. உள்ளே வரிசை வரிசையாக இருக்கைகள் வைத்து, ஆட்கள் எல்லாரையும் உட்காரவைத்தார்.

பங்குனி மாதம், காற்றே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவர் பிளாண்டிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது ஆட்களின் முகங்கள் மாறியிருந்தன. ஜன்னலோரம் இருந்த பச்சைச் சட்டைக்காரனின் மஞ்சள் முகம் கறுத்து, மூக்கு அகன்று, பச்சைச் சட்டை போன இடத்தில் ரோட்டு வேலைக்காரர்கள் போடும் மின்னுகிற மேல்சட்டை வந்து, அச்சு அசலாகப் பக்கத்து வீட்டு ஜெயசீலனாக ஆகியிருந்தான். அவனுக்குப் பின்னால் பள்ளிவாசல் தெரு ஹாஜியாரின் பேரன் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். சில்வேரி காப்பியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு வேலிப் பக்கமாகப் போய்க் கூப்பிட்டார்.

“கித்தேரியக்கா, ஒங்க மவன் எங்க வீட்ல இருக்கான்.”

“அவன் தோஹாவுலல்லா இருக்கான்.”

“அங்கயும் இருக்கான். இங்கயும் ஒக்காந்திருக்கான். வந்து பாருங்க.”

கித்தேரியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். முந்தானையால் கையைத் துடைத்தபடி குனிந்து, கண்ணாடி ஜன்னல் வழியாக மகனைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“கைல கட்டு போட்டிருக்கான் பாரு,” என்றாள். “போன்ல சொல்லவே இல்ல, சண்டாளன்.”

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க வந்துவிட்டது. இது எப்படி ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. என் ஆள் எங்கே என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். போனில் தினமும் முகம் பார்க்கிறவர்கள்தான் அவர்கள். ஆனாலும் போனில் வருகிற முகம் அதற்கென்று சீவிச் சிங்காரித்துக்கொண்டு வருகிற முகம், நல்ல சட்டை மாட்டி, சுவரில் வெளிச்சமுள்ள பக்கமாகப் பார்த்து நின்று சிரிக்கிற முகம். கப்பலில் இருந்தது, யாரும் பார்க்காதபோது அவரவர் இருக்கிற இருப்பு. அங்கே அவன் என்ன உடுத்தியிருக்கிறானோ அதை இங்கேயும் உடுத்தியிருந்தான், அங்கே சலித்துப்போய்ச் சுவரில் சாய்ந்தால் இங்கேயும் சாய்ந்தான். சாயும்போது பார்க்க முடியாது. பார்வையை எடுத்துத் திரும்ப வைக்கும்போது சாய்ந்திருப்பான்.

ஊர் அதை மழையை ஏற்றுக்கொள்வது போல ஏற்றுக்கொண்டது, அதாவது முதல் நாள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு மறுநாளிலிருந்து குடையோடு வந்தது. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வருகிறவர்கள், தொழுகை முடிந்து வருகிறவர்கள், மீன் விற்றுவிட்டுக் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வருகிறவர்கள் என்று அவரவருக்கு ஒரு பொழுது அமைந்தது. மூத்த மகனை வடக்கே பனிக்கடலுக்கு மீன் பிடிக்க அனுப்பிய ஒருத்தி, கம்பளி நூலில் விரல் நீளத்துக்குப் போர்வை பின்னிவந்து அவன் தோளில் சுற்றிவிட்டாள். அவனுக்கு அங்கே குளிர் விட்டதா என்று அவள் கேட்டுப்பார்க்கவில்லை, போர்த்திய திருப்தியே போதும் என்று போனாள். பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பார்க்க முதலில் இங்கே வரத் தொடங்கினார்கள், ஒருவன் உட்கார்ந்திருந்த லட்சணத்தைப் பார்த்தே ஒரு சம்பந்தம் முறிந்தது. இருக்கைச் சண்டையும் வந்தது. “எம் மருமவன என்னத்துக்குப் பின்னால போட்டிருக்கிய? அவனுக்குக் கூட்டத்துல தல வலிக்கும், ஜன்னலோரமா வைங்க,” என்று ஒருவர் சொன்னால், பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன இன்னொருவர், தன் மகனை அந்தக் குடும்பத்து மகன் பக்கத்தில் உட்காரவைக்கக் கூடாது என்றார். சில்வேரி மாற்றி மாற்றி வைத்தார். பங்குச் சாமியாரும் வந்து, ரோமில் படிக்கும் தம்பியைத் தேடி, அந்தத் தம்பி ஒரு டப்பாவிலிருந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசை முடிந்த பிறகு கதவைத் திறக்கும்படி கேட்டுக்கொண்டார்.

வெளியே போன எல்லாரும் கப்பலில் வரவில்லை. தொம்மையின் மூத்த மகன் வீட்டு நகை ஒன்றையும் விடாமல் எடுத்துக்கொண்டு ஓடிப்போய்த் துபாயில் இருப்பதாக ஊருக்கே தெரியும், கப்பலில் அவன் இல்லை. அவன் அம்மா, “எனக்கு அப்பிடி ஒரு மவனே கெடையாது” என்று சொல்லித்தான் ஏழெட்டு வருஷத்தை ஓட்டியிருந்தாள். அவள் ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் காரணமே இல்லாமல் உட்கார்ந்து அழுதாள். அன்றைக்குப் பின்வரிசையில் ஒரு ஆள் அவனாக மாறியிருந்தான். அப்போதுதான் ஊருக்கு விளங்கியது. தேட்டம் இருந்தால்தான் ஆள் வரும். இங்கே ஒருவருக்காவது தேட வேண்டும், மனது போனவர் பக்கமாக இழுத்துக்கொண்டே கிடக்க வேண்டும். போனவன் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டால் முகம் அழிந்து பழையபடி மஞ்சளாகிவிடும் என்பது, ஜெயசீலன் லீவில் வந்து இறங்கிய அன்றைக்குத் தெரிந்தது. அவன் தன் இருக்கையைத் தானே வந்து பார்த்துவிட்டு, “நல்ல எடமாத்தான் குடுத்திருக்கிய,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

சில்வேரியின் வீட்டுக்கு அதுவரை பால்காரரைத் தவிர யாரும் வந்ததில்லை. இப்போது அவர் குளித்துவிட்டு வந்து துண்டைக் காயப்போட இடமில்லாத அளவுக்குக் கூட்டம். அவர் டம்ளர்கள் வாங்கினார், பானையில் தண்ணீர் வைத்தார், முன்னறையில் பாய் விரித்தார். வந்தவர்கள் கும்பிடு போட்டு உள்ளே நுழைந்து, கப்பலுக்குள் இருக்கும் தங்கள் ஆட்களோடு பேசி, சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் கும்பிடு போட்டு வெளியே போனார்கள். அவர் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஆளில்லாத வீட்டில் இருந்த தனிமைக்கு அவர் பழகியிருந்தார், அதற்கென்று ஒரு நடை, ஒரு முனகல் பாட்டு, ஒரு வேலை ஒழுங்கு எல்லாம் வைத்திருந்தார். இத்தனை பேர் நடுவில் வந்த தனிமையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாரும் போன பிறகு, மாறாமல் மஞ்சளாகவே மிச்சமிருந்த ஆட்களை ஒவ்வொருவராக எடுத்துப் பார்ப்பார். அவருக்குத் தேடுவதற்கு யாரும் இல்லாததால் அவர்கள் வெறுமனே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

உற்பவம் என்று ஊர் கூப்பிடும் அமலோற்பவம் மட்டும் போகும்போது, “சாப்ட்டியளா?” என்று கேட்பாள். வலை பின்னும் கம்பெனியில் வேலை பார்ப்பவள், நாற்பதைத் தாண்டியவள், பிள்ளை இல்லை. புருஷன் ரொசாரி சரக்குக் கப்பலில் சமையல்காரராகப் போனவர், முதலில் வருஷத்துக்கு ஒரு தடவை வந்தார், பிறகு வரவில்லை, பிறகு போனும் குறைந்தது. மேஜைக் கப்பலில் அவர் நடுவரிசையில் வெள்ளைச் சட்டையும் தடித்த மீசையுமாக உட்கார்ந்திருந்தார். உற்பவம் அவரோடு பேச மாட்டாள். பாயில் உட்கார்ந்து அவரைப் பார்த்தபடியே சில்வேரியிடம் பேசுவாள். இந்த எஞ்சின் எதில் செய்தது, இந்த ஜன்னல் திறக்குமா, ஐஸ் பிளாண்டில் அமோனியா நாற்றம் எப்படித் தாங்குகிறீர்கள். சில்வேரி பதில் சொல்வார். சொல்லிவிட்ட பிறகு, அதைவிட நல்ல பதில் ஒன்று இரவெல்லாம் தோன்றிக்கொண்டிருக்கும்.

ரொசாரி கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். வெள்ளைச் சட்டை போய்ப் பூப்போட்ட சட்டை வந்தது. வயிறு போட்டது. மீசை போனது. ஒரு நாள் அவர் கையில் சின்னஞ்சிறு சிவப்புக் குடை ஒன்று இருந்தது, பெரியவர்கள் பிடிக்கிற குடை அல்ல. உற்பவம் அதைப் பார்த்தாள், அன்றைக்கு மட்டும் சாப்ட்டியளா என்று கேட்காமல் போனாள். அந்த வாரம் ஒரு மத்தியானம் சில்வேரி வந்து பார்த்தபோது நடுவரிசையில் ரொசாரி இல்லை. வெறும் மஞ்சள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

ஊருக்கு அதில் சந்தேகமே இல்லை. ரொசாரி வருகிறார். கித்தேரியம்மாள் தலைமையில் பெண்கள் உற்பவத்தின் வீட்டுக்குப் போய்ச் சுவரை ஒட்டடை அடித்தார்கள், முறுக்குச் சுட்டார்கள், ஜெயசீலன் வாசலில் சீரியல் பல்பு கட்டினான். பஸ் வரும்போதெல்லாம் யாராவது எட்டிப்பார்த்தார்கள். முறுக்கு நமுத்தது. பல்புகளில் பாதி எரியாமல் போயின. பிறகு ஒவ்வொருவராக அந்த வீட்டுப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகினார்கள்.

அத்தனை நாளும் உற்பவம் கப்பலைப் பார்க்க வரவில்லை. அவள் வரப்போவதாகக் கித்தேரியம்மாள் சொன்ன அன்று, சில்வேரி பிளாண்டிலிருந்து சீக்கிரமே வந்து, நடுவரிசை ஆளை எடுத்து, தூரிகையைச் சாயத்தில் தோய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு ரொசாரியின் முகத்தை எழுதினார். அழிந்த முகங்களை எழுதிப் பழகிய கைதான். தடித்த மீசை, கொஞ்சம் சாய்ந்த கண், வெள்ளைச் சட்டை. காய்வதற்கு ஊதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

உற்பவம் பாயில் உட்காரவில்லை. குனிந்து பார்த்தாள்.

“மீசைய நல்லா வரஞ்சிருக்கிய,” என்றாள். “அவிய அத எடுத்து ரொம்ப நாளாச்சு.”

சில்வேரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. “ஒரு நாளைக்காவது நீங்க பாக்கட்டும்னு…” என்று தொடங்கினார்.

“செத்துப்போயிருப்பாவளோன்னு பயந்தியளா?”

“ம்.”

“சாகல. எனக்குத் தெரியும்.” அவள் அந்த ஆளை வெளியே எடுத்து, முந்தானை நுனியை எச்சில் தொட்டு, மீசையைத் துடைத்தாள், கண்ணைத் துடைத்தாள், சட்டையைத் துடைத்தாள். “வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டாவ. அவ்வளவுதான். அந்த வீடு இது இல்ல.”

பிறகு அவள் பாயில் உட்கார்ந்தாள். சில்வேரியும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அவள் பின்னாலேயே வந்து அதைக் கேட்டிருந்த மற்றவர்கள், தங்கள் ஆட்களைப் பார்த்தபடி ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள்.

அதன் பிறகு ஊருக்குப் பயம் வந்தது. ஆள் மஞ்சளானால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு என்று தெரிந்துபோனது. தன் ஆள் அப்படி ஆகும்போது தெருவே கூடி நின்று பார்க்கக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் தோன்றிவிட்டது. முதலில் போர்வை பின்னியவள் வந்தாள். “தப்பா நெனச்சுக்கிடாதிய அண்ணே, பய வீட்ல இருக்கட்டும்,” என்று மகனை மடியில் கட்டிக்கொண்டு போனாள். பிறகு ஹாஜியார் வீட்டிலிருந்து வெற்றிலைப் பெட்டியோடு வந்தார்கள். தொம்மையின் மனைவி வந்தாள். விரிசல் இல்லாத தலைக்கவசக்காரர்கள், முன்னும் பின்னும் சிரித்தவள், பச்சைச் சட்டைக்காரன், எல்லாரும் யார் யார் முகத்தையோ போட்டுக்கொண்டு எந்தெந்த வீட்டு அலமாரிக்கோ போனார்கள். சில்வேரி யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. கொடுக்கும்போது காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், இடுப்பைப் பிடியுங்கள், கழன்றுவிடும் என்று மட்டும் சொன்னார். கடைசியில் காலி இருக்கைகளோடு கப்பல் மேஜையில் நின்றது, அவரவர் வீட்டில் அவரவர் ஆள் இருந்ததால் அந்த வாசலுக்கு யாரும் வரவில்லை, பால்காரர் மறுபடியும் மணியடித்துவிட்டு வாசல் திண்டில் பாலை வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார்.

அந்த வருஷ மழைக்கு முன்னால் ஐஸ் பிளாண்ட் முதலாளி ஓசூர்ப் பக்கம் ரோஜாப்பூ ஏற்றுமதிக்குக் குளிர்கிடங்கு ஒன்று கட்டினார். குளிரோடு பழகிய ஆள் வேண்டும், குடும்பம் இல்லாதவர் என்றால் வசதி என்று சில்வேரியைக் கேட்டார். சில்வேரி யோசித்துப் பார்த்தார். போகாமல் இருப்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது, வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக ஒன்றும் கிடைக்கவில்லை. சரி என்றார்.

கிளம்பும் அன்று உற்பவம் வந்தாள். வீட்டுச் சாவியைக் கொடுத்து, வாரம் ஒரு தடவை ஜன்னலைத் திறந்துவைக்க முடியுமா என்று கேட்டார். சரி என்றாள். மேஜை ஓரத்தில், யாருக்கும் வேண்டாமல் போன மஞ்சள் முகக்காரர்கள் நாலைந்து பேர் மிச்சமிருந்தார்கள், அவள் துடைத்தெடுத்தவனும் அதில் இருந்தான். அவனைக் கையில் எடுத்தாள்.

“இத நான் வச்சுக்கிடட்டா?”

“அதுல ஒண்ணும் இல்லியே இப்ப.”

“இல்லன்னாத்தான் கேக்கேன்,” என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவர் போகும்போது, அவள் சாப்ட்டியளா என்று கேட்டாள், அவர் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னார்.

ஓசூரில் அவருக்குக் கிடங்குக்குப் பின்னாலேயே ஓர் அறை. காலையும் மாலையும் லாரிகளில் பூக்கள் வந்தன, மொட்டாக இருக்கும்போதே வெட்டி, காகிதத்தில் சுற்றி, விரியவிடாமல் குளிரில் நிறுத்திவைக்கப்பட்ட பூக்கள். சுற்றிலும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் பேசினார்கள், அவரிடம் பேச வேண்டிய அவசியம் யாருக்கும் அதிகமில்லை. அங்கே கடல் இல்லாததால் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று கொஞ்ச நாள் தெரியாமல் இருந்தது. கட்டைகள் எதையும் அவர் கொண்டுவரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பழைய பொம்மைகள் குவித்திருந்த கடை முன்னால் நின்றார், உட்காரவில்லை. புன்னைத்துறையில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று கேட்க யாருக்காவது போன் செய்யலாம் என்று எடுப்பார். கேட்டுவிட்டு அதற்கு மேல் என்ன பேசுவதென்று வைத்துவிடுவார்.

மார்கழியில் ஒரு காலை, அறைக்கு வெளியே பனி இன்னும் விலகாமல் இருந்தபோது, அவர் ஸ்டவ்வில் பால் பொங்கக் காத்துக்கொண்டு நின்றிருந்தார். போன் அடித்தது. உற்பவத்தின் பெயர் தெரிந்தது. ஊரை விட்டு வந்த பிறகு அவள் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. வீட்டில் ஏதோ இடிந்துவிட்டது என்றுதான் நினைத்தார்.

“என்னம்மா, ஓடு கீடு ஒடஞ்சிட்டா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.” அந்தப் பக்கம் வலைக் கம்பெனி மெஷின் சத்தம் இல்லை, அவள் வீட்டில்தான் இருந்தாள். பிறகு கேட்டாள்.

“சட்டப் பட்டன என்னத்துக்கு மாத்திப் போட்டிருக்கிய?”

சில்வேரி குனிந்து பார்த்தார். மேல் பட்டனை இரண்டாவது ஓட்டையில் மாட்டியிருந்தார், அதிலிருந்து கீழே வரைக்கும் எல்லாம் ஒன்று தள்ளிப்போய், சட்டையின் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் கிடந்தது. அறையில் கண்ணாடி இல்லை. கதவு சாத்தியிருந்தது. பால் பொங்கி ஸ்டவ்வில் வழிந்து தீயை அணைத்தது, அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, குளிரில் விறைத்த விரல்களால், எல்லாப் பட்டனையும் கழற்றி, மேலிருந்து ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் மாட்டினார்.

“இப்ப?” என்று கேட்டார்.

அவள் பார்வையை எடுத்துத் திரும்ப வைக்கிற நேரம் ஆயிற்று.

“ம்,” என்றாள். “இப்பச் சரி.”